பொதுச்சொல்லும் கலைச்சொல்லும்: தமிழ்வழிச் சமூக அறிவியல் இளங்கலைப் படிப்பின் மொழி வரலாறு

1. முன்னுரை

தமிழில் உயர்கல்வி கற்பிக்க இயலுமா என்னும் வினா எழுந்தபோதெல்லாம் அதனை எழுப்பியோர் இயற்பியலையும் வேதியியலையும் மருத்துவத்தையுமே எடுத்துக்காட்டினர். விடையளிக்க முற்பட்டோரும் அத்துறைகளையே எண்ணி உழைத்தனர். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தொடங்கிய சங்கம் இயற்கை அறிவியற் சொற்களுக்காகவே எழுந்தது. பின்னர் 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற் தொகுப்பு பள்ளிப் பாடங்களின் தேவையை ஒட்டி அமைந்தது. கலைச்சொல் பற்றிய வாதங்களும் வடசொல்லா, தனித்தமிழா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்னும் மூன்று முனைகளிலேயே சுழன்றன.

ஆயினும் பட்டப்படிப்பு தமிழுக்கு வந்தபோது முதலில் வந்தவை அறிவியற் பாடங்கள் அல்ல. 1960இல், காமராசர் அமைச்சரவையில் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனை முயற்சியாகத் தமிழ்வழி பி.ஏ. வகுப்பு தொடங்கப்பட்டது. வரலாறு, பொருளியல் முதலிய பாடங்களே அதில் இடம்பெற்றன. அறிவியற் பாடங்கள் 1968இல் புகுமுக வகுப்பிலும் 1969இல் பட்ட வகுப்பிலும்தாம் தமிழுக்கு வந்தன. இடையில் எட்டு, ஒன்பது ஆண்டுகள்.

இந்த வரிசையமைப்பில் ஒரு கணிப்பு அடங்கியிருக்கிறது. சமூக அறிவியல் எளிது. அதன் சொற்கள் மக்கள் வழக்கில் முன்பே உள்ளன. புதிதாக ஆக்க வேண்டியவை மிகச் சிலவே என்பதே அக்கணிப்பு. நிருவாக நோக்கில் அது தவறன்று. ஆய்வுக்கூடம் வேண்டா, பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். ஆனால் மொழியியல் நோக்கில் அது தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 'நீர்மம்' என்னும் சொல்லை ஆக்கியவர் அதற்கு ஒரு பொருளைக் கொடுத்தார். அச்சொல்லுக்கு வேறு உரிமையாளர் இல்லை. 'தேவை', 'அரசு', 'வகுப்பு', 'சமூகம்' ஆகியவற்றுக்கோ உரிமையாளர்கள் முன்பே இருந்தனர். அவர்களைக் கேளாமல் அச்சொற்கள் பாடநூலுக்குள் கொண்டுவரப்பட்டன.

2. நூலும் மாணவரும்

இந்திய மொழியொன்றில் பட்டப்படிப்பு என்பது 1960இல் புதுமையன்று. ஐதராபாத்தில் உசுமானியப் பல்கலைக்கழகம் 1918இலேயே உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு நிறுவப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1917இல், மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பணியகம் ஒன்று ஏற்பட்டுவிட்டது. மௌல்வி அப்துல் அக் அதன் தலைமையில் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் முதலில், மாணவர் பின்னர் என்பது அங்கு நிலவிய முறை. 1948க்குப் பின் அரசியல் மாறியதும் அப்பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கு மாறியது. முப்பதாண்டு உழைப்பில் உருவான பாட மொழி தன் வகுப்பறையை இழந்தது.

தமிழில் நூலும் மாணவரும் ஏறத்தாழ ஒருசேர வந்தனர் எனலாம். தமிழ் வெளியீட்டுக் கழகம் கல்லூரி நூல்களை வெளியிடத் தொடங்கியது. பின்னாளில் அப்பணி தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1968 சனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, ஐந்தாண்டுகளுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழைப் பயிற்றுமொழியாக்குவதும் அதன் பகுதியாக இருந்தது. அதே காலத்தில் நடுவணரசு பல்கலைக்கழக நூல்களை மாநில மொழிகளில் வெளியிட மாநிலம் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் என ஒதுக்கியது. எழுபதுகளில் வெளிவந்த கல்லூரி நூல்கள் பலவற்றின் முதற்பக்கத்தில் அத்திட்டத்தின் பெயரைக் காணலாம். அவற்றுட் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கின்றன.

அந்நூல்களைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் அத்துறைப் பேராசிரியர்கள், தமிழாசிரியர்கள் அல்லர். ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் கற்பித்து, திடீரெனத் தமிழில் எழுதப் பணிக்கப்பட்டவர்கள். அவர்களது மேசையில் இருந்திருக்கக்கூடிய துணைகள் சிலவே. சென்னைப் பல்கலைக்கழகத்து ஆங்கிலம்-தமிழ் அகராதி 1963-65இல்தான் வெளிவந்தது. பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1968இல்தான் முற்றுப்பெற்றது. இவற்றை எண்ணும்போது அந்நூல்களின் தமிழ் நடையைக் குறைகூறுவது எளிய, ஆனால் நேர்மையற்ற செயலாகும். குறை இருப்பின் அது வேறிடத்தில் உள்ளது.

3. சில சொற்களின் வரலாறு

3.1. பொருளியல் முதல் தாளில் மாணவர் சந்திக்கும் முதல் விதி 'டிமாண்ட்' பற்றியது. தமிழ்நாட்டு நூல்கள் அதனைத் 'தேவை' என்றன. 'சப்ளை' என்பதை 'அளிப்பு' என்றன. 'விலை குறையின் தேவை கூடும்' என்பது விதி. இதனைப் படிக்கும் உழவர் வீட்டுப் பிள்ளை திகைப்பதில் வியப்பில்லை. அரிசியின் விலை ஏறினால் வீட்டில் அரிசியின் தேவை குறைந்துவிடுமா? பசி விலையைக் கேட்டா வருகிறது? வாங்கும் ஆற்றலோடும் வாங்கும் விருப்பத்தோடும் கூடிய வேட்பே 'டிமாண்ட்'. பசியோடு வெறுங்கையனாய் நிற்பவனுடைய தேவை அங்காடிக் கணக்கில் சேராது. பொருளியலின் மிக முதன்மையான, மிகக் கொடுமையான வேறுபாடு இது. அதனை உணர்த்த வேண்டிய இடத்தில் தமிழ்ச்சொல் அவ்வேறுபாட்டை அழித்துவிட்டது. ஏனெனில் 'நீட்', 'வாண்ட்' என்பவற்றுக்கும் பல நூல்களில் 'தேவை'யே பெயர்.

அதே 1960இல் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் தமிழ்வழிக் கலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. பள்ளியில் தாய்மொழியில் பயின்ற மாணவர் அவ்வாண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தனர். சிங்களத்திலும் தமிழிலும் விரிவுரைகள் நிகழ்ந்தன. அவர்களுக்கு 'டிமாண்ட்' என்பது 'கேள்வி'. 'சப்ளை' என்பது 'நிரம்பல்'. தேவைக் கோடு அங்குக் 'கேள்வி வளையி'. தமிழ்நாட்டு வாசகருக்குக் 'கேள்வி' என்றதும் தேர்வுத்தாளே நினைவுக்கு வரும். ஆயினும் விலைபோகாச் சரக்கைக் 'கேட்பாரற்றது' என்கிற வழக்கு இங்கும் உண்டு. கேட்பது அங்காடியில் நிகழ்வது. தேவை வீட்டில் இருப்பது. இலங்கையார் தெரிவு கருத்தளவில் நுட்பமானது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். நம் வணிகர் வழங்கும் 'கிராக்கி'யும் அங்காடிச் சொல்லே. ஆனால் அது பிறமொழிச் சொல் என்பதாலோ கொச்சை என்பதாலோ பாடநூலின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது.

இவ்வாறே 'மோனோபலி' இங்கு முற்றுரிமை, அங்குத் தனியுரிமை. 'மார்ஜினல் யுடிலிட்டி' இங்கு இறுதிநிலைப் பயன்பாடு, அங்கு எல்லைப் பயன்பாடு. இக்கடைசி இணை சுவையானது. 1871இல் ஜெவான்சு இக்கருத்தை எழுதியபோது 'இறுதி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே ஆண்டார். 'விளிம்பு' எனப் பொருள்படும் சொல்லை நிலைநாட்டியவர் மார்ஷல். அறிந்தோ அறியாமலோ, தமிழ்நாடு ஜெவான்சின் பக்கமும் இலங்கை மார்ஷலின் பக்கமும் சாய்ந்திருக்கின்றன. ஒரே ஆண்டில், ஒரே மொழியில், ஒரே பாடத்துக்கு இரு கலைச்சொற் தொகுதிகள் உருவானது தமிழ் உலகில் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படாத செய்தியாகும்.

3.2. அரசியல் பாடத்தின் முதல் இயல் 'ஸ்டேட்', 'கவர்ன்மெண்ட்' இரண்டையும் வேறுபடுத்தும். முன்னது நிலையானது, பின்னது மாறுவது. தமிழில் 'அரசு', 'அரசாங்கம்' என நூல்கள் பிரித்தன. பிரித்தவர் பிரித்தபடி இருக்க, ஆட்சித்துறையோ தன்னைத் 'தமிழ்நாடு அரசு' என்று எழுதிக்கொண்டது. செய்தித்தாள் 'அரசு கவிழ்ந்தது' என்று தலைப்பிட்டது. காலையில் கவிழ்ந்த அரசு பிற்பகல் வகுப்பில் 'நிலையானது' என்று கற்பிக்கப்பட்டது. இதற்கிடையில் கூட்டாட்சியின் உறுப்பாகிய 'ஸ்டேட்' மாநிலமாயிற்று. ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் இரு பொருள்களைத் தமிழ் இரு சொற்களாகப் பிரித்தது ஆக்கம். இரு வேறு கருத்துகளை ஒரு சொல்லில் குழப்பியது இழப்பு. இரண்டும் ஒரே இயலில் நிகழ்ந்துள்ளன. அத்துறையின் பெயரிலும் கருத்தொருமை இல்லை. இங்கு 'அரசியல்' என்றும் 'அரசியல் அறிவியல்' என்றும் வழங்குவது இலங்கையில் 'அரசறிவியல்'. தேர்தல் மேடையும் பட்டப்படிப்பும் ஒரே பெயரைச் சுமக்க நேர்ந்த இடர்ப்பாடு அங்கு இல்லை.

3.3. சமூகவியலில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'கிளாஸ்' என்பதற்கு 'வகுப்பு' நேர்ச்சொல். ஆனால் தமிழகத்தில் 'வகுப்பு' என்பதற்குப் பள்ளி வகுப்பு என்பதற்கு அப்பாலும் ஓர் அரசியல் வரலாறு உண்டு. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த ஆணை 'வகுப்புவாரி' ஆணையென வழங்கியது. அங்கு 'வகுப்பு' என்பது 'கம்யூனிட்டி', அதாவது சாதியும் சமயமும். 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் அம்முறை செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை அடுத்து வந்த முதல் அரசியற்சட்டத் திருத்தம் சமூக நிலையிலும் கல்வி நிலையிலும் பிற்பட்ட 'கிளாஸ்' எனப் பேசியபோது, அதுவும் தமிழில் 'வகுப்பினர்' ஆயிற்று. ஆக, 'வகுப்புக் கலவரம்' என்றால் சமயப் பூசல். 'வகுப்புப் போராட்டம்' என்றால் மார்க்சியக் கருத்து. 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்றால் சாதிகளின் பட்டியல். ஒரு சொல் மூன்று சமூகக் கோட்பாடுகளைச் சுமக்க இயலாமல் தள்ளாடிய நிலையில், இடதுசாரி எழுத்துகளால் பரவிய 'வர்க்கம்' பாடநூலுக்குள் வந்து ஒரு பளுவை இறக்கிவைத்தது. தனித்தமிழ் ஆர்வலர்க்கு இது உவப்பானதன்று. ஆனால் இங்கு வடசொல் வென்றது பெருமையால் அன்று. அச்சொல்லுக்கு ஊரில் வேறு வேலை இல்லாமையால்.

'சமூகம்' என்பதன் நிலையும் இதுவே. பழைய விண்ணப்பங்களில் பெரியோரின் 'முன்னிலை' என்னும் பொருளில் 'சமுகம்' வழங்கியது. அகராதியில் கூட்டம் என்பதே 'சமூகம்'. பாடநூலில் அது 'சொசைட்டி'. ஊர்ப் பேச்சிலும் சங்க அறிக்கைகளிலும் 'எங்கள் சமூகம்' என்றால் 'எங்கள் சாதி'. சாதியைப் பற்றி ஆராயும் அறிவியலின் தலைமைச் சொல்லே சாதிக்கு மங்கல வழக்காகிவிட்ட மொழியில், 'சமூகம் என்பது சாதிகளைக் கடந்தது' என்று ஒரு மாணவர் எழுதினால் அத்தொடரை எவ்வாறு படிப்பது? சில ஆசிரியர்கள் 'சமுதாயம்' என்று எழுதி இதனின்று விலக முயன்றனர், அது நிலைபெறவில்லை.

4. தேர்வுத்தாளின் தமிழ்

சொற்களுக்கு இவ்வளவு உழைத்தவர்கள் தொடருக்கு உழைக்கவில்லை. இதுவே மேலே குறித்த வேறிடம். சமூக அறிவியல் என்பது கருத்து வேறுபாடுகளின் தொகுப்பு. ஒருவர் கூறுவதை மற்றவர் மறுப்பார். மூன்றாமவர் ஓரளவு உடன்படுவார். இதனைச் சொல்லத் தமிழுக்கு வழி இல்லாமல் இல்லை. நம் உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை எடுத்துக் கூறவும், 'என்பாரும் உளர்' என ஒதுக்கிவைக்கவும், 'அஃது ஈண்டுப் பொருந்தாது' என மறுக்கவும் நூற்றாண்டுகளுக்கு முன்பே கருவிகளை உருவாக்கி வைத்திருந்தனர். ஆனால் பி.ஏ. பாடநூலின் தொடர்களில் மிகப் பல 'ஆகும்' என்றே முடிந்தன. தொழிற்புரட்சியின் காரணங்கள் இவை ஆகும். மொகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்குரிய காரணங்கள் இவை ஆகும். யார் கருத்து, எவர் மறுத்தார் என்பவை மறைந்து, வாதங்கள் யாவும் செய்திகளாயின. உரை மரபை அறிந்த தமிழாசிரியரும் கருத்துப் போரை அறிந்த வரலாற்றாசிரியரும் ஒரே கல்லூரியின் இரு துறைகளில் இருந்தும் ஒருவர் நூலை ஒருவர் படிக்கவில்லை போலும்.

இதற்குத் தேர்வு முறையும் துணைபோயிற்று. இக்கட்டுரையாளர் 1990களின் இறுதியில் மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு கல்லூரியில் வரலாற்றை முதன்மைப் பாடமாகத் தமிழ்வழியில் கற்றவர். எனவே சிலவற்றை நேரறிவாகக் கூற இயலும். வினாத்தாளில் ஒவ்வொரு வினாவும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ் வினா விளங்காதபோது ஆங்கில வினாவில் தெரிந்த ஒரு பெயர்ச்சொல்லைத் தேடுவது எங்களிடையே பழக்கமாயிருந்தது. 'ஆய்க', 'மதிப்பிடுக', 'விவாதிக்க', 'காரணம் கூறுக' என வினைகள் மாறினும் எழுதப்பட்ட விடை ஒன்றே. கடையில் வாங்கிய குறிப்புநூலில் அத்தலைப்பின்கீழ் பன்னிரண்டு உட்தலைப்புகள் இருக்கும். அவற்றை அடிக்கோடிட்டு எழுதினால் மதிப்பெண் உண்டு. ஏவல் வினைகளின் பொருள் வேறுபாடு அழிந்து, எல்லாம் 'விவரி' என்னும் ஒன்றில் அடங்கின. பாடநூல் நிறுவனத்தின் தடித்த நூல்கள் நூலகத்தில் இருந்தன. அவற்றை எடுத்தவர் சிலரே.

அவ்வகுப்பில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள். ஆங்கிலவழி வகுப்பு அடுத்த கட்டடத்தில் இருந்தது. நாங்கள் தமிழைத் தெரிந்தெடுத்தோம் என்பதைவிட, ஆங்கிலத்துக்கு அஞ்சித் தமிழுக்கு வந்தோம் என்பதே உண்மை. நிலைமை பின்னர் ஓரளவு மாறிற்று. 2010இல் தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் பள்ளிப் படிப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருத்தலை நிபந்தனையாக்கியது. தமிழ்வழிச் சான்றிதழுக்கு மதிப்பு வந்தது. தமிழ்வழிப் பாடநூலுக்கு அதே அளவு மதிப்பு வந்ததா என்பது வேறு வினா.

5. 'காலனி' என்னும் சொல்

மேற்கூறிய யாவற்றினும் இக்கட்டுரையாளரை நெடுநாள் வருத்திய சொல் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய வரலாற்றைக் கற்பிக்கும் எவரும் 'காலனி' என்னும் சொல்லின்றி ஓர் இயலைக் கடத்தல் அரிது. தமிழகச் சிற்றூர்களிலோ 'காலனி' என்றால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஊருக்கு அப்பால் மனை ஒதுக்கிக் கட்டப்பட்ட குடியிருப்பு. நகரத்தில் இரயில்வே காலனியில் வாழ்பவர்க்கு அச்சொல் வெறும் முகவரி. ஊர்ப்புறத்தில் அது சாதியைச் சொல்லாமல் சொல்லும் சொல்.

எங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில், 'காலனி மக்கள் சுரண்டப்பட்டனர்' என்று ஆசிரியர் குறிப்புரைத்தபோது பின்வரிசையில் அடக்கிய சிரிப்பொலி எழுந்தது. ஆசிரியர் அதனைக் கவனிக்கவில்லை. எனக்கு அருகில் அமர்ந்திருந்த நண்பர் எழுதுவதை நிறுத்தினார். அதன்பின் இறுதித் தேர்வு வரை அவருடைய ஏடுகளில் அச்சொல் இல்லை. 'வெள்ளையர் ஆட்சி', 'ஆங்கிலேயர் ஆட்சி' என்றே எழுதினார். வரலாற்று நோக்கில் அவை ஒரே பொருளன. அல்லவே! ஆங்கிலேயர் ஆண்டனர் என்பது செய்தி. காலனி ஆட்சி என்பது அவ்வாட்சியின் பொருளியற் கட்டமைப்பைப் பற்றிய கோட்பாடு. ஒரு கோட்பாட்டுச் சொல், அக்கோட்பாட்டால் பெரிதும் பயன்பெறக்கூடிய மாணவருக்கே கிட்டாமற் போயிற்று.

'குடியேற்ற ஆட்சி', 'குடியேற்ற நாடு' என்னும் மொழிபெயர்ப்புகள் பழைய பாடநூல்களில் உண்டு. சொற்பிறப்பு நோக்கில் அவை பொருந்தும். இலத்தீன் மூலம் குடியேறி உழுவோரைக் குறிப்பதே. ஆனால் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் ஆத்திரேலியாவில் செய்தது போல் இங்குக் குடியேறவில்லை. வரி தண்டினர், வணிகம் செய்தனர், திரும்பினர். எனவே எண்பதுகளுக்குப் பின் ஆய்வாளர் 'காலனியம்', 'காலனி ஆதிக்கம்' என்னும் வடிவங்களுக்குச் சென்றனர். இலங்கையில் 'குடியேற்றவாதம்' என்பது தூய, தெளிவான சொல்லாகத் தோன்றும். ஆனால் 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டம் முதலாக, அரசு சார்ந்த 'குடியேற்றத் திட்டம்' என்பது கிழக்கு மாகாணத் தமிழருக்கு வேறொரு கசப்பான பொருளை உணர்த்தும். அங்குக் 'காலனித்துவம்' என்னும் வடிவமும் வழங்குகிறது. ஆக, இங்கே காயம்பட்ட சொல் அங்கே மாற்றாகிறது. அங்கே காயம்பட்ட சொல்லை இங்கே மாற்றாகப் பரிந்துரைக்கிறோம்.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில், குடியிருப்புப் பகுதிகளைக் குறிக்கும் 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என அறிவித்தார். அது ஊர்ப்பெயர் பற்றிய முடிவு, பாடநூலைப் பற்றியதன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு அது வந்தே தீரும். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின்கீழ் 2008 முதல் இயங்கிவரும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் சமூக அறிவியல் நூல்களையும் எடுத்துக்கொண்டது. 2024 சூலையில் அறிவிக்கப்பட்ட 'அஸ்மிதா' திட்டம் ஐந்தாண்டுகளில் இந்திய மொழிகளில் 22,000 நூல்களை இலக்காக வைத்துள்ளது. இவ்வளவு விரைவு கணிப்பொறி மொழிபெயர்ப்பின் துணையின்றி இயலாது. பொறி ஒரு சொல்லின் வழக்கு மிகுதியை எண்ணும். அச்சொல் வகுப்பில் ஒலிக்கும்போது யார் தலை குனிவர் என்பதை எண்ணாது.

அண்மையில் இளங்கலை வரலாற்று நூலொன்றின் தமிழ் மொழிபெயர்ப்பைச் செப்பம் செய்யும் பணி இக்கட்டுரையாளரிடம் வந்தது. கைப்படியில் ஓரிடத்தில் 'காலனி நாடு', மற்றோரிடத்தில் 'குடியேற்ற நாடு', பிறிதோரிடத்தில் 'அடிமை நாடு' என மூன்று வடிவங்கள் இருந்தன. ஒருமைப்படுத்துவதே செப்பம் செய்வோர் கடமை. 'காலனிய ஆட்சி' என்னும் வடிவத்தை நூல் முழுதும் இட்டு, முதலில் வருமிடத்தில் அச்சொல்லின் இலத்தீன் மூலத்தையும், அது தமிழகச் சிற்றூருக்கு வந்த வழியையும், 2025 அறிவிப்பையும் அரைப்பக்க அளவில் பாடத்துக்குள்ளேயே சேர்த்தேன். மொழிபெயர்ப்பாளர் இளைஞர். அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு, இது மூலத்தில் இல்லையே, இதனை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூலநூல் ஆசிரியரின் இசைவு வேண்டி எழுதியிருக்கிறோம்.